அரைஞாண் கழற்றச் சொன்ன ரேடியோக்காரன்

1. விதானையாரின் குடை

பட்டனை ஒரு தரம் அமத்தினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். இரண்டு தரம் அமத்தினால் இடப்பக்கம். கையை எடுத்தால் நேராகப் போகும். மருதமுனைக் கடற்கரையில் கூடியிருந்த சனத்துக்கு இதை ஒரு வாத்தியாரின் தோரணையில் விளங்கப்படுத்தி முடித்த பிறகுதான் நான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

விமானம் எழும்பியது. நன்றாகத்தான் எழும்பியது. தென்னைமர உயரத்துக்குப் போனதும், நான் பட்டனைத் தொடாமலே வலப்பக்கம் திரும்பியது. பிறகு இடப்பக்கம். பிறகு கடலை விட்டுவிட்டுக் கரைப்பக்கம் மூக்கைத் திருப்பி, கறுப்புக் குடை பிடித்து நின்ற ஊர் அதிகாரி விதானையாரைப் பார்த்து நேராக இறங்கியது.

"பட்டன அமத்துடா! பட்டன அமத்து!" என்று அலியார் மாமா கத்தினார்.

"நான் அமத்தவே இல்ல மாமா!"

"அமத்தாததாலதான்டா இப்பிடிப் போகுது!"

குடை விதானையாரின் கையிலிருந்து பிடுங்குப்பட்டு, பத்து முழம் தள்ளி மணலில் போய்க் குத்தி நின்றது. விதானையார் அதற்கு முன்னமே படுத்துவிட்டார். எழும்பி, மணலைத் தட்டி, தொப்பியைச் சரிசெய்து, ஊரின் மொத்த அதிகாரத்தையும் குரலில் வரவழைத்துக்கொண்டு கேட்டார்: "அரசாங்க உத்தியோகத்தன்ட தலைக்கு மேலால இந்தச் சாமான விடுறதுக்கு எந்தச் சட்டத்தில எடமிரிக்கி?"

எனக்குச் சட்டம் தெரியாது. ரேடியோ தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

2. துரையின் பெட்டியும் மாமாவின் துணியும்

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. கல்முனைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு ரேடியோத் திருத்தும் கடை. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேசை, ஒரு நீளப் பலகை வாங்கு, ஒரு சோல்டரிங் அயன். நான் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் விரல் முட்டும். திருகோணமலைக் கேம்பில் சில காலம் வயர்லெஸ் வேலை பார்த்து வந்தவன் என்பதால் ஊரில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானே சிறிது ஊதிப் பெருப்பித்தும் வைத்திருந்தேன். ‘ரேடியோ ஆதம்பாவா’ என்றால் பஸ்காரனுக்கும் தெரியும்.

பிரான்சிஸ் துரை ஒருநாள் கடைக்கு வந்தார். அவர் மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பத்தவர். மேற்கே குளம் கட்டும் வேலையில் இஞ்சினியர். எங்களைப் போலவே தமிழ் கதைப்பார், எங்களைவிட நன்றாக ஏசுவார். சீமைக்குப் பயிற்சிக்குப் போனபோது வாங்கி வந்த விளையாட்டு விமானம் ஒன்றை வாங்கில் வைத்தார். ரேடியோவால் ஓட்டும் விமானத்தை நானும் அன்றுதான் கண்டேன்.

"ரேடியோ ஊமையாப் போச்சு. சிறகுத் துணிய எலி திண்டிட்டுது. ரெண்டையும் பாரு," என்றார். "துணி மெல்லிய பட்டா இருக்க வேணும். பாரம் கூடினா எழும்பாது."

வயிற்றுக்குள் திறந்து பார்த்தேன். ஒரேயொரு வால்வு வைத்த ரிசீவர். அதற்குப் பக்கத்தில் ஒரு ரிலே. கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டர்ப் பெட்டியின் பட்டனை அமத்தினால் ரிலே ‘டிக்’ என்று அடிக்கும். அந்த ‘டிக்’ முறுக்கி வைத்த ரப்பரை ஒரு பல் அளவுக்கு அவிழ விடும், ரப்பர் வாலைத் திருப்பும். இவ்வளவுதான் சங்கதி. மூக்கில் ஒரு குட்டி டீசல் என்ஜின். அதற்கு ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். ஈதரை டொக்டரிடம் கேட்டு வாங்கினேன். யாரை மயக்கப் போகிறாய் என்று அவர் கேட்டார். அலியார் மாமாவை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அலியார் மாமா என் உம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மருதமுனையில் ஆறு தறி வைத்திருந்தார். அவருடைய மகள் சுபைதா எனக்கு மச்சி முறை. என் உம்மா இரண்டு தடவை பேச்சை எடுத்தும் மாமா பிடி கொடுக்கவில்லை. "பெட்டிக்குள்ள ஊதி ஊதித் தூசு தட்டுறவனுக்கு மகளக் குடுத்திட்டு, நான் ஊருக்கு என்னத்தச் சொல்ற?" என்பார்.

சிறகுக்குத் துணி வேண்டும் என்று நான் அவரிடம் போனது வேலைக்காக மட்டுமல்ல என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மாமா அந்தச் சிறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ட துணி கலியாண வீட்டுக்குப் போயிரிக்கி, கச்சேரிக்குப் போயிரிக்கி. வானத்துக்குப் போனதில்ல," என்றார். அன்றே பாவு போட்டார். கொசுவலையை விட மெல்லிய பட்டுத் துணி நெய்தார். சும்மா விடுவாரா? சிறகின் ஓரத்திலும் நடுவிலும் அசல் சரிகைக் கரை வைத்தார். துணியை ஒட்டி, டோப் என்னும் வார்னிஷைப் பூசிக் காய விட்டபோது சிறகு கலியாணப் புடவை மாதிரித்தான் இருந்தது.

மாமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "என்ட துணி சனத்துக்கு முன்னால ஒழுங்காப் பறந்து வந்தா, ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு கலியாணம் கதைப்பம். விழுந்து என்ட மானத்த வாங்கினா, மனே, நீ உன்ட ரேடியோவையே கட்டிக்க."

சிறகை மாத்திரம் அவர் என்னிடம் தரவில்லை. முன்மண்டபத்துச் சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். பறக்கவிடும் நாளில் தன் கையாலேயே கடற்கரைக்குத் தூக்கி வருவார், முடிந்ததும் தூக்கிப் போவார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆறடிச் சிறகை என் கடைக்குள் எங்கே வைப்பது? உடலை மட்டும் வாங்கில் வைத்து ரிசீவரைத் திருத்தினேன். பக்கத்துக் கடைக்காரரை ‘டிக்’ எண்ண வைத்துவிட்டு, கடற்கரை வரைக்கும் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுபோய் அமத்திப் பார்த்தேன். ஒரு பிழை கிடையாது.

அதற்குப் பிறகுதான் விதானையாரின் குடை.

3. இரைச்சல் வேட்டை

கடையில் ஒழுங்காக வேலை செய்தது கடற்கரையில் பிழைத்தால், பிழை கடற்கரையில் இருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். ஏதோ ஒரு இரைச்சல் வெளியில் இருந்து வந்து ரிசீவருக்குள் புகுந்து, பட்டன் அமத்தியது போல ரிலேயை அடிக்க வைக்கிறது. தொழிலில் இதற்கு இன்டர்பியரன்ஸ் என்று பெயர். இந்தச் சொல்லை நான் ஊரில் இறக்கியதும் எனக்கு ஒரு இன்ஸ்பெக்டரின் அந்தஸ்து வந்துவிட்டது. ஒரு சின்ன ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, காதை அதில் வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக இரைச்சல் தேடினேன்.

முதலில் டொக்டரின் கார். இது நியாயமான வழக்கு. பெட்ரோல் என்ஜினின் பிளக்கில் ஸ்பார்க் அடிக்கும்போது ரேடியோவில் கரகரக்கும். பிளக் வயரில் ஒரு ரெசிஸ்டர் போட்டுச் சரிசெய்தேன். அதோடு நின்றிருந்தால் நான் நல்ல மனிதன்.

என் கடைக்குப் பின்னால் ஒரு அரிசி ஆலை இருந்தது. அதன் என்ஜின் ஓடும்போது என் மேசை நடுங்கும், சோல்டரிங் அயன் தானாக ஊர்ந்து போகும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் மூட ஏலாது. நான் ஆலைக்காரரிடம் போய், அண்ணன் முறைக்குக் ‘காக்கா’ போட்டு, மிகுந்த கவலையான முகத்தோடு சொன்னேன்: "காக்கா, உங்கட என்ஜின்ட இரைச்சல் பிளேனுக்குள்ள பூருது. பிளேன் ஓடி முடியும் வரைக்கும் பின்னேரத்தில நிப்பாட்டினா ஊருக்கே உதவி."

"என்ஜின் கல்முனையில இரிக்கி. பிளேன் மருதமுனையில பறக்குது."

"ரேடியோ அலைக்குத் தூரம் தெரியாது காக்கா."

நல்ல மனிதர். நிற்பாட்டினார். அந்த என்ஜின் குறூட் ஓயிலில் ஓடுவது. அதில் ஸ்பார்க்கே கிடையாது. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் பகலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்தது தேத்தண்ணிக் கடை. அங்கே ஒரு ஸ்பீக்கர் காலையிலிருந்து ஒரே இசைத்தட்டைப் பாடிக்கொண்டிருக்கும். அதற்கும் இருபத்தேழு மெகாசைக்கிள் அலையில் ஓடும் என் விமானத்துக்கும் ஒரு சொந்தமும் இல்லை. போய் நிற்பாட்டச் சொன்னேன்.

"பாட்டு எப்பிடிடா பிளேன விழுத்தும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நீங்க போடுற பாட்டு மனிசனையே விழுத்துது. பிளேன் எந்த மூலைக்கு?"

ஊர் அமைதியானது. இரண்டாம் தடவை விமானத்தை விட்டோம். அது கரையில் இரண்டு வட்டம் அடித்துவிட்டு, நான் இடப்பக்கம் கேட்க வலப்பக்கம் போய், வலப்பக்கம் கேட்க நேராகப் போய், கடைசியில் கடலில் இறங்கி மிதந்தது. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்களில் இரண்டு பேர் நீந்திப் போய்க் கொண்டுவந்தார்கள். "மினுமினுக்கிறதக் கண்டு பெரிய பாரை மீன்தான் எண்டு பாத்தம்," என்று ஒருவர் விமானத்தை மணலில் வைத்தார். மாமா வேறு எதையும் பார்க்கவில்லை. சிறகைக் கழற்றி, தன் தோள்துவாயால் உப்புத் தண்ணீரை ஒற்றி ஒற்றித் துடைத்தார். நான் ரிசீவரை நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். எனக்கு மனசு சரியில்லை. விளையாட்டு விளையாட்டாக இருக்கும் கட்டம் போய்விட்டது.

4. கழற்றுங்கள்

திருகோணமலைக் கேம்பில் ஒரு சார்ஜன்ட் சொல்லித் தந்த பாடம் அப்போது ஞாபகம் வந்தது. ரிசீவருக்குக் கிட்ட ஒரு உலோகத்தில் இன்னொரு உலோகம் உராய்ந்தால் அதுவே இரைச்சல். தொட்டுத் தொட்டு விடுபடும் ஒவ்வொரு தடவையும் ரிசீவருக்கு அது ஒரு சிக்னல் மாதிரி. பாடம் மிகச் சரியானது. நான் அதைக் கொண்டுபோய்ப் போட்ட இடம்தான் பிழை.

கடற்கரையில் நிற்கும் சனத்திடம் எவ்வளவு உலோகம்! அந்தக் காலத்தில் எங்கள் ஆண்கள் பாதிப் பேருக்கு இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருக்கும், நாங்கள் அறுணாக்கொடி என்போம். அதற்கு மேல், இடுப்பில் சுற்றும் சாறனை இறுக்கப் பக்கிள் வைத்த பெல்ட். மடியில் பாக்குவெட்டி. கழுத்தில் தாயத்துக் கூடு. கையில் கம்பிக் குடை. மூன்றாம் தடவை விமானத்தை விடுவதற்கு முன், ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று அறிவித்தேன்.

"இடுப்பில, மடியில, கழுத்தில என்ன உலோகம் இரிந்தாலும் கழட்டி ஒரு பக்கத்தில வையுங்க. அறுணாக்கொடி முக்கியம். வெள்ளி மகாப் பொல்லாதது!"

முதலில் ஒருவரும் அசையவில்லை. விதானையார் முன்னுக்கு வந்தார். "இவன் கேக்கிறதப் பாத்தா அடுத்தது சாறனையும் கேப்பான் போல," என்றார். ஆனாலும் குடையின் ஞாபகம் இருந்தபடியால் அவர்தான் முதலில் பெல்ட்டை அவிழ்த்தார். பிறகு எல்லாரும் அவிழ்த்தார்கள். ஒரு பாயில் பெல்ட்டும் அறுணாக்கொடியும் பாக்குவெட்டியும் குவிந்தன. வளையல் போட்ட பெண்களைத் தென்னைகளுக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னேன். அவர்கள் அங்கிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் சுபைதாவின் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும்.

விமானம் எழும்பியது. ஒரு வட்டம் ஒழுங்காக வந்தது. "மாஷா அல்லாஹ்," என்று யாரோ சொல்லி வாய் மூடவில்லை, சனத்துக்குள் பாய்ந்தது.

பெல்ட் இல்லாமல் சாறனோடு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று ஊர் முழுக்கப் படித்தது. ஓடுவதா, சாறனைப் பிடிப்பதா? சிலர் ஓடினார்கள், சிலர் பிடித்தார்கள். இரண்டையும் செய்யப் பார்த்தவர்கள் விழுந்தார்கள். தென்னைகளுக்கு அப்பால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்த்த அளவில் ஒருவரும் திருப்பவில்லை. விமானம் பாயில் குவிந்திருந்த அறுணாக்கொடிகளின் மேல் போய் உட்கார்ந்தது. சிறகின் நடுவில் துணி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது.

மாமா கிழிசலைத் தடவினார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பெருநாளைக்கு மறுநாள் சனமெல்லாம் கடற்கரைக்கு வரும். அண்டைக்குத்தான் கடைசி. அண்டைக்கும் இப்பிடியெண்டா, ஒருதர்ர வீட்டுக்கு ஒருதர் வாறதும் போறதும் வேணாம்."

அந்தப் பேச்சில் விளையாட்டு இருக்கவில்லை. நான் பயந்துவிட்டேன். விமானம் விழுவது பற்றி அல்ல.

5. மாமி நகர்த்திய சிறகு

பெருநாளைக்கு மூன்று நாள் இருக்க, மாமா நூல் வாங்க மட்டக்களப்புக்குப் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். கிழிசலை ஒட்டுவதற்காக விமானத்தின் உடலை முதல் தடவையாக அவர்களுடைய வீட்டுக்கே கொண்டுபோனேன். மண்டபத்தில் பாய் விரித்து, சிறகை உடலின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில் ரிசீவரும் ஓடிக்கொண்டிருந்தது. மாமி தேத்தண்ணியும் பணியாரமும் கொண்டுவந்தார். வைக்க இடமில்லை. கையால் சிறகைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினார்.

‘டிக்’ என்றது ரிலே.

நான் அதைக் கவனிக்கவில்லை, பணியாரத்தைக் கவனித்தேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சுபைதாவின் குரல் வந்தது. "உம்மா, அத இன்னொருக்காத் தள்ளுங்க."

மாமி தள்ளினார். ‘டிக். டிக்.’

"மெதுவாத் தேயுங்க."

‘டிக்டிக்டிக்டிக்.’

பிறகு சொன்னாள்: "மச்சான், ஊரான்ட அரையில கைவைக்க முந்தி உங்கட பிளேன்ட அரையப் பாத்திரிக்கலாமே."

நான் சிறகைத் தூக்கிப் பார்த்தேன். சிறகு உட்காரும் இடத்துக்குக் கீழே ரிசீவரை மூடும் தகரத் தட்டு. அதன் மேல் சிறகின் நடுக்கரை. அசல் சரிகை என்றால் பட்டு நூலில் சுற்றிய வெள்ளி. அந்த வெள்ளி, ரிசீவருக்கு ஒரு விரல் மேலே, தகரத்தில் உட்கார்ந்திருந்தது. என்ஜின் ஓடத் தொடங்கினால் முழு விமானமும் நடுங்கும், சரிகை தகரத்தில் தேயும், ரிலே பைத்தியம் பிடித்து அடிக்கும். என் கடையில் சிறகே இல்லை. அதனால்தான் கடையில் ஒரு பிழையும் வரவில்லை. ஊர் ஆண்களின் இடுப்பிலிருந்து வெள்ளியைக் கழற்ற வைத்துவிட்டு, அதே வெள்ளியை ஆறடிச் சிறகில் வைத்து அவர்களுடைய தலைக்கு மேல் பறக்க விட்டிருக்கிறேன்.

வெட்கத்தில் எனக்குப் பணியாரம் இறங்கவில்லை.

"அந்த நடுக்கரைய வெட்டி எடுத்திட்டா முடிஞ்சிது," என்றேன்.

"வாப்பா வந்து பாத்தா?" என்று கேட்டாள் சுபைதா.

அதுதான் கேள்வி. சரிகைதான் பிழை என்று மாமாவிடம் சொன்னால், மூன்று தடவையும் விமானத்தை விழுத்தியது அவருடைய துணி என்று ஊருக்கு முன்னால் ஆகிவிடும். சொல்லாமல் பறக்கவிட்டால் நான்காம் தடவையும் விழும். இரண்டிலும் எனக்குக் கலியாணம் இல்லை.

"மஞ்சள் சாயம் போட்ட பட்டு நூல் கொஞ்சம் இரிக்கி," என்றாள். "நடுவில ஒரு சாண் அளவுக்குத்தானே. கரையை வெட்டி எடுத்திட்டு, அதே பூவை அந்த நூலால தச்சுத் தாறன். மேல உங்கட வார்னிஷப் பூசினா மினுங்கும்."

மாமி வாயில் கையை வைத்தார். "அல்லாஹ்வே! பொய்ச் சரிகையா? என்ட வளவுக்குள்ள பொய்ச் சரிகை வந்தா தறிய அடுப்பில வைப்பன் எண்டு சொல்ற மனிசன்!"

"அதுதான் வளவுக்குள்ள வைக்கல்ல உம்மா. வானத்துக்கு அனுப்புறம்."

ஒன்றரை நாளில் தைத்துவிட்டாள். நான் அதன் கீழே தகரத்தின் மேல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சிறகை மாட்டி, அவர்களுடைய வீட்டு வளவில் வைத்தே என்ஜினை ஓடவிட்டு, தெருக்கோடி வரை நடந்து போய்ப் பட்டனை அமத்தினேன். மாமி வாசல் படலையில் நின்று, வால் திரும்பிய பக்கத்துக்குக் கையைக் காட்டினார். ஒரு தரம் அமத்த வலப்பக்கம், இரண்டு தரம் அமத்த இடப்பக்கம்.

மட்டக்களப்பால் வந்த மாமாவிடம், கிழிசலை ஒட்டியாயிற்று என்று மட்டும் சொன்னோம். சிறகு ஒரு வெள்ளைச் சீலையில் சுற்றிக் கிடந்தது.

6. பெருநாளைக்கு மறுநாள்

புது உடுப்போடு சனம் கடற்கரையை நிறைத்திருந்தது. நான் பெட்டியின் மேல் ஏறியதும், சொல்லாமலே பாதிப் பேர் பெல்ட்டில் கையை வைத்துவிட்டார்கள்.

"இண்டைக்கு ஒருதரும் ஒண்டும் கழட்டத் தேவல்ல!"

விதானையார் விடவில்லை. "அப்ப அண்டைக்கு என்னத்துக்குக் கழட்டச் சொன்னாய்?"

"அண்டைக்குக் கழட்டினதுதான் விதானையார், இண்டைக்கு வேலை செய்யுது."

அவர் அதை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சாறனைப் பிடித்துக்கொண்டார். மாமா வெள்ளைச் சீலையை அவிழ்த்துச் சிறகை எடுத்தார். வழக்கம்போலத் துவாயால் துடைத்தார். நடுவில் வந்ததும் கை நின்றது. பெருவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு சிறகைப் பிரான்சிஸ் துரையிடம் நீட்டினார். துரை ரப்பர்ப் பட்டிகளால் அதை உடலில் கட்டினார்.

விமானம் எழும்பியது. தென்னை உயரம். இன்னும் ஒசக்க. நான் ஒரு தரம் அமத்தினேன். வலப்பக்கம் சாய்ந்தது. கையை எடுத்தேன், நேராகப் போனது. இரண்டு தரம் அமத்தினேன். இடப்பக்கம் வளைந்து, கடலுக்கு மேலால் பெரிய வட்டம் போட்டு, பின்னேர வெயிலில் முழுச் சிறகும் மினுங்க எங்கள் தலைக்கு மேலால் வந்தது. சனம் கத்திய கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தபடியால் கண்ணைத் துடைக்கவும் ஏலவில்லை.

"பாத்தீங்களா? என்ட சரிகை! தாங்குது பாத்தீங்களா?" என்று மாமா கத்தினார். விதானையாரின் தோளைப் பிடித்துக் குலுக்கி, அவருடைய குடையைக் கீழே விழுத்தினார்.

எண்ணெய் முடிந்து விமானம் மணலில் வழுக்கி வந்து நின்றது. "என்னடா செய்தாய்?" என்று துரை கேட்டார். "உள்ளுக்கு ஒரு தொடுப்பு லூசா இருந்துது துரை," என்றேன். அது பொய்யுமில்லை.

இப்போது போனும் டிவியும் திருத்தும் தம்பிமாருக்கு இதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சாமானை அரைகுறையாக வைத்துச் சோதித்துவிட்டு ஊரைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லாப் பாகத்தையும் பூட்டி, என்ஜினை ஓடவிட்டு, பிறகு தூரம் நடந்து பாருங்கள். நான் இதைச் செய்யாததால் ஒரு ஊரே சாறனைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

கலியாணம் நடந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் போன அன்று பின்னேரம், மாமா மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைத் தந்தார். அதுவரை ‘டா’ போட்டுக் கதைத்தவர் அன்றுதான் மரியாதைக்கு மாறினார்.

"இந்தாங்க மருமகன். என்ட தறியில நெய்ஞ்சது. உங்களுக்கெண்டே நெய்ஞ்ச சாறன்."

பிரித்துப் பார்த்தேன். பொன் நிறத்தில் அகலமான கரை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? நகத்தால் கீறிப் பார்த்தேன். அசல் சரிகை என்றால் நகத்தில் கரகரக்கும். இது கரகரக்கவில்லை. மஞ்சள் சாயப் பட்டு நூல்.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அசல் சரிகை உங்கட பெட்டிக்கு ஒத்துக்காதாமே."

"எப்ப தெரியும் மாமா?"

"கடற்கரையில. விரல் பட்ட உடன. நாப்பது வருசம் சரிகையத் தொட்ட கை. காரணத்தப் பொறகு மகள்தான் சொன்னா."

"அப்ப என்னத்துக்கு என்ட சரிகை, என்ட சரிகையெண்டு கத்தினீங்க?"

வெற்றிலையை வாயில் போட்டு, நன்றாக மென்று, திரைச்சீலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நூல் பொய்தான். தையல் என்ட மகளின்ட. அது ஒசக்கப் பறக்கக்குள்ள நான் பொய்யெண்டு சொல்லவா மருமகன்?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் அந்தச் சாறனைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். போகிற வழியில் அரிசி ஆலைக்குள் நுழைந்தேன். ஆலைக்காரர் பாவம், இன்னும் பின்னேரங்களில் என்ஜினை நிற்பாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"காக்கா, இனி நிப்பாட்டத் தேவல்ல. நல்லா ஓட்டுங்க. பிழையக் கண்டுபிடிச்சிட்டன்."

"அப்பிடியா? எங்க இரிந்த?"

"எங்கட வீட்டுக்குள்ள," என்றேன்.